நாற்பது வயதிலும் கோயில் வாசலிலேயே நின்றுவிடுவது ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது. கணவருக்கு 44 வயது. பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, பூசையில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவனாக இருந்த காலத்தில், அந்த ஊர்ப் பங்குச்சாமி அவரிடம் பாலியல் அத்துமீறல் செய்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து, போன வருடம்தான் மனைவியிடம் வாய் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைப் பூசைக்குக் கூட்டிப்போவார், தான் மட்டும் வாசலில் நின்றுகொள்வார். தூப வாசனை பட்டால் முகம் வெளுத்துவிடும். ஆனால் ராத்திரி தலையணைக்குக் கீழே செபமாலை இல்லாமல் தூங்க மாட்டார். மகளுக்கு அடுத்த வருடம் புதுநன்மை, அதாவது பூசையில் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் சடங்கு. பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை. மனைவி கேட்கிறார்: "முப்பது வருஷத்துக்கு முந்தின விஷயம், இன்னுமா இப்படி? மன்னித்துவிட்டால் சரியாகிவிடாதா? நல்ல சாமியார் ஒருவரிடம் கூட்டிப்போகட்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்று புரியவைக்கத்தான் மீதி எல்லாம்.

நான் மனநல ஆலோசகர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, எட்டு வயதில் சிவப்பு அங்கி போட்டு பூசையில் மணி அடித்தவன். எனக்கு எதுவும் நடக்கவில்லை. எங்கள் சாமி நல்லவர், பூசை முடிந்தால் மிட்டாய் தருவார். ஆனால் அந்த வயதில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அவர் என் தலையில் கைவைத்தால் கடவுளே கைவைத்த மாதிரி இருக்கும். வீட்டில் அப்பாவே அவர் முன்னால் உட்கார மாட்டார்.

நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். கடவுளும் சாமி, குருவும் சாமி. "சாமி வர்றாங்க, எந்திரி" என்று அம்மா சொன்னால் எந்தச் சாமி என்று பிள்ளை கேட்பதில்லை. ஃபாதர் என்று கூப்பிட்டாலும் அதே கதைதான், பரலோகத்தில் இருப்பவரும் பிதா, பங்கு பங்களாவில் இருப்பவரும் பிதா. பெரியவர்களுக்கு இரண்டும் வேறு என்று தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. ஞானோபதேச வகுப்பிலும் பீடத்தில் நிற்கும் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், குருப்பட்டம் அழியாத முத்திரை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

குழந்தையின் மனதில் கடவுளின் உருவம் எப்படி உண்டாகிறது என்பதை அனா மரியா ரிசூட்டோ என்ற உளப்பகுப்பாய்வாளர் 1979இல் விரிவாக எழுதினார். தன்னைத் தூக்கி வளர்த்தவர்கள், தான் நம்பிய பெரியவர்கள், இவர்களிடமிருந்துதான் குழந்தை அந்த உருவத்தைச் சேர்த்துக்கட்டுகிறது என்பது அவர் வாதம். அப்படியென்றால், கடவுளின் முகத்தில் பாதியைத் தந்த மனிதரே பிள்ளையைக் கெடுத்தால் அந்த முகம் என்ன ஆகும்? வெளி ஆள் ஒருவன் செய்திருந்தால் "சாமி, என்னைக் காப்பாத்து" என்று பிள்ளை அழுதிருக்கும். இங்கே யாரைக் கூப்பிடும்? மற்ற பாலியல் கொடுமைகளுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். அடிபட்டவன் மருந்துக்குப் போகிற இடமெல்லாம், அதாவது செபம், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, மன்னிப்பு எல்லாம், காயத்தோடு ஒட்டிக்கொண்டுவிடுகின்றன.

இதை என் வார்த்தையில் சொல்வதைவிட, அயர்லாந்தின் மேரி காலின்ஸ் பொதுவெளியில் பலமுறை சொன்னதை வைத்துச் சொல்கிறேன். 1960இல் அவருக்கு வயது 13. டப்ளினில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நோயாளியாகப் படுத்திருந்தார். வீட்டாரைப் பிரிந்து தனியாக இருக்கும் பிள்ளை. மருத்துவமனையின் ஆன்மிகக் குரு இரவு நேரத்தில் கட்டிலருகே வருவார். அத்துமீறினார், உடம்பைப் படமும் எடுத்தார். முந்தின இரவு தன்னைத் தொட்ட அதே விரல்கள் மறுநாள் காலையில் நற்கருணையை எடுத்து நீட்டின, கேமராவைப் பிடித்த கைகள் பகலில் செபப்புத்தகத்தோடு வந்து தன் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டன என்று 2012இல் ரோமில், ஆயர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில் அவர் பேசினார்.

அந்தச் சிறுமி மறுத்தபோது அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? தான் குரு, தன்னால் தவறு செய்யவே முடியாது என்று. பிள்ளை அதை நம்பியது. கணக்கு மிக எளிது. ஏதோ அசிங்கம் நடந்திருக்கிறது. சாமி தப்பு செய்ய மாட்டார். அப்படியானால் தப்பு என்னிடம்தான். குற்றம், அதைச் செய்தவரின் தோளிலிருந்து இறங்கி, நேராகக் குழந்தையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. காலின்ஸ் பிற்காலத்தில் சொன்னது: நான் என் மதத்துக்கு எதிராகத் திரும்பவில்லை, எனக்கு எதிராகத் திரும்பினேன். மருத்துவமனைக்குள் போன பிள்ளை வேறு, வெளியே வந்த பிள்ளை வேறு. கலகலப்பாக இருந்தவள், தான் கெட்டவள் என்றும் அதை எல்லோரிடமிருந்தும் மறைக்க வேண்டும் என்றும் முடிவுகட்டிக்கொண்டாள். பிறகு பல ஆண்டுகள் மனச்சோர்வு, பதற்றம், மருத்துவமனை, மாத்திரை.

உங்கள் வீட்டுக்காரர் பதினான்கு வருடம் உங்களிடம் சொல்லவில்லை என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. தன்னை ஒரு குற்றவாளியாகத்தான் இத்தனை நாள் உள்ளுக்குள் வைத்திருந்திருப்பார். ஆண்களுக்கு இன்னொரு கூடுதல் முடிச்சும் உண்டு. தொடும்போது உடம்பு தானாக எதிர்வினை காட்டும், அது வெறும் நரம்பு வேலை. பையனுக்கு அது தெரியாது. "எனக்கும் பிடித்திருந்ததோ, நானே அப்படிப்பட்டவன்தானோ" என்ற கேள்வி உள்ளே விழுந்து, முப்பது வருடம் யாரிடமும் கேட்க முடியாமல் கிடக்கும். இதை அவர் உங்களிடம் சொன்னால் திடுக்கிட வேண்டாம். உடம்பு செய்ததற்கும் சம்மதத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரே ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் போதும்.

"இன்னுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த குழந்தைப் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணைக்குழு, 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. எண்ணாயிரம் பேருக்கு மேல் தனி அறையில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். கொடுமை நடந்ததற்கும் அதை முதன்முதலாக ஒருவரிடம் சொன்னதற்கும் இடையில் ஆன காலம் சராசரி 23.9 ஆண்டுகள். பெண்களைவிட ஆண்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் கணவர் இதில் விதிவிலக்கே இல்லை. பிள்ளைகள் தான் அடிபட்ட வயதை எட்டும்போது, அடித்தவர் செத்துப்போகும்போது, பெற்றவர்கள் காலமாகும்போது, இந்த மாதிரிச் சமயங்களில்தான் மூடி திறக்கிறது. உங்கள் மகளுக்குப் புதுநன்மை வயது என்பதை யோசித்துப் பாருங்கள். அவருக்கு அது சடங்கு மட்டும் இல்லை. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு குழந்தை, பீடத்தின் முன்னால், ஒரு குருவின் கைக்கு எதிரே நிற்கப்போகிறது.

சரி, அந்தத் தூப வாசனை. மூளை ஆபத்தைப் பதிவு செய்யும்போது கதையாகப் பதிவதில்லை, துண்டு துண்டாகப் பதிகிறது. வாசனை, மெழுகு உருகும் சூடு, அங்கியின் சரசரப்பு, ஒரு மனிதர் தொண்டையைச் செருமும் சத்தம். முப்பது வருடம் கழித்து அதில் ஒன்று மூக்கில் ஏறினால், 'இது பழைய சமாச்சாரம்' என்று அறிவு சொல்வதற்கு முன்னால் உடம்பு ஓடத் தயாராகிவிடும். மற்ற கொடுமைகளில் பாதிக்கப்பட்டவர் அந்தத் தெருவை, அந்த வீட்டைத் தவிர்த்துக்கொள்ளலாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் இதை எப்படித் தவிர்ப்பார்? கல்யாணம், சாவு, ஞானஸ்நானம், கிறிஸ்மஸ், புனித வெள்ளி, கல்லறைத் திருநாள் என்று எல்லா வழியும் அந்த வாசனைக்குள்தான் போகிறது. அம்மா சாவுக்குக்கூட அழ முடியாமல், பீடத்தைப் பார்க்காமல் கல்லறைப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இப்போது சிக்கலான மனவடு நோய் என்று தனியே ஒரு பிரிவு இருக்கிறது, 2022இல் நடைமுறைக்கு வந்தது. பழைய நினைவு திரும்ப வருவது, அதைத் தூண்டும் விஷயங்களைத் தவிர்ப்பது, எப்போதும் ஏதோ ஆபத்து என்று விழிப்பாக இருப்பது ஆகியவற்றோடு மூன்று விஷயங்களைச் சேர்த்திருக்கிறார்கள். உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னை மட்டமாக நினைப்பது, மனிதரோடு நெருங்கி இருக்க முடியாமை. கோபம், குடி, காரணமில்லாமல் வேலையை விடுவது, மேலதிகாரி குரல் உயர்த்தினால் உறைந்துபோவது, கட்டிலில் திடீரென்று விலகுவது, இவற்றில் எது உங்கள் வீட்டில் நடக்கிறதோ அதற்கெல்லாம் "குணம் சரியில்லை" என்று பெயர் வைக்காதீர்கள். தற்கொலை எண்ணம் பேச்சில் வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஆன்மிகப் பாதிப்பு என்று தனியாக ஒன்று உண்டா, எல்லாம் உளவியல்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. செபிக்க உட்கார்ந்தால் வாய் அடைத்துக்கொள்வது. "எங்கே இருந்தீர்?" என்ற கேள்வி. தன்னைக் கடவுள் ஒதுக்கிவிட்டார் அல்லது தண்டிக்கிறார் என்ற நிச்சயம். நற்கருணை நாக்கில் பட்டால் குமட்டல். இன்னும் ஒன்று, இறையியல் படிக்காதவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "அவர் கொடுத்த சடங்கெல்லாம் செல்லுமா?" திருச்சபையின் பதில் பழையது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் இதே சண்டை நடந்து, கொடுப்பவர் பாவியாக இருந்தாலும் அருட்சாதனம் செல்லும், ஏனென்றால் அதைச் செய்பவர் கிறிஸ்து என்று அகுஸ்தினார் வாதிட்டு நிலைநாட்டினார். ஊர்மக்களுக்கு ஆறுதலான போதனை. தங்கள் ஞானஸ்நானமும் கல்யாணமும் குருவின் ஒழுக்கத்தை நம்பி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் காதில் அதே போதனை எப்படி விழும்? அப்படியானால் கிறிஸ்து அந்தக் கை வழியாகவே வந்தாரா? அந்தக் கையை அவர் தட்டிவிடவில்லையா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதாகச் சொல்பவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

இப்போது இரண்டாவது அடி. பல பேருக்கு முதல் அடியைவிட இதுதான் ஆறாதது.

மேரி காலின்ஸ் 25 வருடம் பொத்திவைத்திருந்து, 1985இல் தன் பங்கின் துணைக்குரு ஒருவரிடம் சொன்னார். கொடுமை செய்தவரின் பெயரைக் கேட்கவே அந்தத் துணைக்குரு மறுத்தார். யாரிடமும் தெரிவிக்கத் தேவையில்லை என்றார். நடந்தது உன் தவறாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். பதின்மூன்று வயதுப் பிள்ளை உள்ளுக்குள் போட்ட அந்தத் தவறான கணக்கைத் திருச்சபையே முத்திரை குத்திச் சரி என்றது. அதன் பிறகு இன்னும் பத்து வருடம் அவர் வாய் திறக்கவில்லை. பத்து வருட மருத்துவமனை, பத்து வருட மாத்திரை. 1997இல்தான் அந்த ஆளுக்கு நீதிமன்றத் தண்டனை கிடைத்தது.

2009இல் டப்ளின் உயர்மறைமாவட்டம் இந்தக் கொடுமைகளை எப்படிக் கையாண்டது என்று விசாரித்த மர்ஃபி அறிக்கை வெளிவந்தபோது இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. 1960லேயே அந்தக் குரு, சிறுமிகளைப் படமெடுத்த ஃபிலிம் சுருளைக் கழுவிக்கொடுக்க இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார். கழுவிய நிறுவனம் போலீசிடம் கொடுத்தது. போலீஸ் அயர்லாந்துக்கு அனுப்பியது. அயர்லாந்துப் போலீஸ் தலைவர் அதைப் பேராயரிடம் ஒப்படைத்துவிட்டார்! பெண்ணுடம்பைப் பற்றித் தெரியாத ஆர்வம் என்ற விளக்கத்தைப் பேராயர் ஏற்றுக்கொண்டார். குரு குருவாகவே இருந்தார். 1970களில் இன்னொரு சிறுமி சிக்கினாள். ஒரு பெண் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டு கழித்த அத்தனை வருடமும், குற்றவாளி யார் என்று சொல்லும் காகிதம் பேராயர் இல்லத்தில் இருந்திருக்கிறது.

இதே அறிக்கையில் எனக்கு மறக்காத ஒரு சின்ன விஷயம், சொல்லிவிடுகிறேன். இழப்பீட்டுக்கு மறைமாவட்டப் பணம் 'பயன்படுத்தப்படுவதில்லை' என்று டப்ளின் பேராயர் ஒருவர் ஊடகத்திடம் சொன்னார். உண்மையில் கொடுத்திருந்தார்கள், ஒரு குருவுக்குக் கடன் என்ற பெயரில். பிற்பாடு கேட்டபோது, நான் 'பயன்படுத்தப்படவில்லை' என்று சொல்லவில்லையே, நிகழ்காலத்தில்தானே சொன்னேன் என்றார். மனத்துக்குள் மிச்சத்தை வைத்துக்கொண்டு பேசுவது பொய்யாகாது என்று இதற்கு ஒரு பழைய கோட்பாடே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் நல்ல குருக்களின் வார்த்தையைக்கூட ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று இனிமேல் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் இதற்கு நிறுவனத் துரோகம் என்று பெயர் வைத்தார். நாம் சார்ந்து வாழும் அமைப்பே நம்மைக் கைவிடும்போது, காயத்தின் விளைவுகள் கூடுகின்றன. யாரைச் சார்ந்து உயிர்வாழ்கிறோமோ அவர் செய்யும் துரோகத்தை மனம் பார்க்காமல் மறைத்துவைக்கும் என்றும் அவர் சொல்கிறார். பீடச்சிறுவன் மறுபடி மறுபடி அதே அறைக்குப் போனது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். போகாமல் இருந்தால் வீட்டில் கேட்பார்கள். காரணம் சொன்னால் சாமிமேல் பழி போட்டான் என்று அடி விழும்.

இது வெள்ளைக்காரர் ஊர்ப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். உதகை மறைமாவட்டக் குரு ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றியபோது ஒரு பதின்பருவப் பெண்ணிடம் அத்துமீறியதை 2015இல் அந்த ஊர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றார். ஊர் திரும்பியபின், 2016இல், அவர்மீதிருந்த பணித்தடையை மறைமாவட்டம் நீக்கியது. அந்தச் செய்தியை அமெரிக்காவில் இருந்து படித்திருக்கக்கூடிய பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு சிலர் ஏன் கோயிலை விடுவதில்லை என்பதுதான் வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. பாதிக்கப்பட்டவர்களில் கதவைச் சாத்திவிட்டுப் போனவர்கள் உண்டு. அது அவர்களுக்குச் சுவாசம், அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது. இருந்தவர்களும் உண்டு. சிலியில் கராதிமா என்ற செல்வாக்கான குருவால் பாதிக்கப்பட்ட ஹுவான் கார்லோஸ் குரூஸ் தொடர்ந்து கத்தோலிக்கராகவே இருந்தார். 2018 ஜனவரியில் போப் பிரான்சிஸ், கராதிமாவின் செயல்களைக் கண்டும் காணாமல் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆயருக்கு ஆதரவாக, குற்றச்சாட்டுகளை அவதூறு என்றார். ஏப்ரலில், தான் பெரிய தவறு செய்ததாக ஒப்புக்கொண்டு குரூஸையும் மற்ற இருவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டார். மேரி காலின்ஸும் திருச்சபையை விடவில்லை. 2014இல் குழந்தைகளைக் காக்க வத்திக்கான் அமைத்த குழுவில் சேர்ந்தார், 2017 மார்ச்சில் விலகினார். கடைசியாகப் பொறுக்க முடியாமல் போனது எது தெரியுமா? பாதிக்கப்பட்டவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போட வேண்டும் என்ற எளிய பரிந்துரையை ஒரு வத்திக்கான் அலுவலகம் செய்ய மறுத்தது. கடிதத்துக்குப் பதில், அவ்வளவுதான்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உங்கள் கணவரைப் போல வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர். உள்ளே போக முடியாது, விட்டுப் போகவும் முடியாது. தலையணைக்குக் கீழே இருக்கும் செபமாலையை முரண்பாடாக நான் பார்க்கவில்லை. செபமாலை பாட்டி கொடுத்திருப்பார், அம்மா கையில் பார்த்திருப்பார். அதில் குரு தேவையில்லை. அந்த ஆளின் விரல் படாத ஒரே மூலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலியாவின் பலராட் ஊரில் 2015இல் ஆணைக்குழு அமர்வு நடந்த சமயத்தில், மக்கள் கத்தோலிக்கப் பள்ளி, கோயில் வேலிகளில் வண்ண வண்ண ரிப்பன்களைக் கட்டத் தொடங்கினார்கள். எழுத்து எதுவும் இல்லை. நாங்கள் உங்களை நம்புகிறோம் என்று பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்வதற்காக. 'உரத்த வேலி' என்று பெயர் வந்தது. சில இடங்களில் கோயில்காரர்கள் அவிழ்த்துப்போட, ஊர்க்காரர்கள் திரும்பவும் கட்டினார்கள். யாரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அவர்கள் நிற்கிற இடத்துக்கே, வேலிக்கு, ஊர் வந்தது.

மன்னிப்பு விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். மன்னித்தால் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள், உங்கள் மாமியாரையும் சொல்ல விடாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில்கூட மனஸ்தாபமும் பரிகாரமும் இல்லாமல் பாவமன்னிப்பு இல்லை என்றுதானே படித்தோம்? இங்கே குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்படியிருக்க, பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பைக் கேட்டால், முப்பது வருடமாகச் சுமந்த பாரத்தின்மேல் 'நீ மன்னிக்காத பாவி' என்ற இன்னொரு கல்லையும் வைக்கிறோம். பரலோக மந்திரத்தில் மன்னிப்பு பற்றிய வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடிக்கொள்ளட்டும். என்றைக்காவது அவராகவே அந்த இடத்துக்கு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குணமாக முடியும்.

கோபம் பாவமா என்று அவர் கேட்டால் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தைக் காட்டலாம், அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும். 55ஆம் சங்கீதத்தில் ஒருவன் புலம்புகிறான். என்னைப் பழித்தது பகைவன் என்றால் தாங்கியிருப்பேன், செய்தது நீ, என் தோழன், கூட்டத்தோடு கடவுளின் வீட்டுக்கு உன்னோடுதானே நடந்து போனேன் என்று. 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிறது. அதையும் வேதாகமத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் வெட்டி எறியவில்லை.

அப்புறம், என்ன செய்யலாம்? மனவடுவுக்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள். மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அவர் குருவோ கன்னியரோ மறைமாவட்டச் சம்பளத்தில் இருப்பவரோ இல்லாமல் இருப்பது நல்லது. எவ்வளவு நல்லவரானாலும் சரி, அங்கியைப் பார்த்ததும் உங்கள் கணவரின் உடம்பு பத்து வயதுக்குப் போய்விடும். முதலில் நான் வேண்டாம் என்றதன் காரணம் அதுதான். தியான மையத்துக்குக் கூட்டிப்போய்த் தலையில் கைவைத்துக் குணமளிக்கும் செபம் சொல்ல வைப்பதும் வேண்டாம். தலையில் ஒரு கை, கண்ணை மூடு என்ற கட்டளை, காதருகே செபம். எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில், விவரம் கேட்டுத் தோண்டாதீர்கள். சொன்னால் கேளுங்கள். நம்புகிறேன், உன் தப்பு இல்லை, நான் இருக்கிறேன், இந்த மூன்றையும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அவருக்குத் தெரியாமல் அண்ணனிடமோ பங்குப் பேரவையிலோ விஷயத்தைக் கொண்டுபோகாதீர்கள். யாரிடம் எப்போது சொல்வது என்ற அதிகாரத்தைத்தான் பத்து வயதில் அவரிடமிருந்து பறித்தார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த ஆள் இன்னும் உயிரோடு, பள்ளியிலோ விடுதியிலோ பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், அதை உங்கள் கணவரோடு பேசியாக வேண்டும். இன்றைக்கு ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் காவல்துறையிடம் சொல்வது போக்சோ சட்டப்படி கட்டாயம், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம்.

புதுநன்மைக்கு வருவோம். அவர் எதிர்ப்பது சடங்கையா, மகள் தனியாக ஒரு குருவோடு இருக்கப்போவதையா என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியென்றால் அந்தப் பயத்துக்குப் பைத்தியம் என்று பெயர் இல்லை, அனுபவம் என்று பெயர். ஞானோபதேச வகுப்பு முழுக்கப் பெற்றோர் ஒருவர் பின்பெஞ்சில் உட்காரலாம் என்று உபதேசியாரிடம் பேசி வாங்குங்கள். முதல் பாவசங்கீர்த்தனம் மூடிய பெட்டிக்குள் வேண்டாம், எல்லோர் கண்ணிலும் படும் பெஞ்சில் நடக்கட்டும். நிறையப் பங்குகளில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. தூபம் போடுவார்களா, எந்த நேரத்தில் என்று முன்னாலேயே கேட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள், திடீரென்று மூக்கில் ஏறுவதுதான் பிரச்சினை. முன்வரிசையில் அவருக்கு இடம் பிடித்து வைக்காதீர்கள். கேமராவைக் கையில் கொடுத்து "நீங்கதான் எடுக்கணும்" என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். வாசலில் நிற்பார் என்றால் நிற்கட்டும். மகளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அப்பா கதவுகிட்ட இருப்பார், திரும்பிப் பார்த்தா தெரிவார்.